பழைய பர்மான் செல்லாது!

செஞ்சிக்குப் போயிருக்கிறீர்களா? கோட்டை ஏற வேண்டாம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால்கூடப் போதும். யாரோ ஒரு ராட்சசன் கூடை கூடையாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, 'இதோ வர்றேன்' என்று போனவன் திரும்பி வராமலே போன மாதிரி மலைகள். அவற்றின் தலையில் கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்ததே, அந்தப் பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான்.

செஞ்சி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சிவாஜி அல்ல, தேசிங்கு ராஜா. அவன் குதிரை, அவன் நண்பன் மோவுத்துக்காரன், கணவனோடு உடன்கட்டை ஏறிய அந்த இளம் மனைவி. தெருக்கூத்திலும் பாட்டிலும் கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால், எதற்காக அந்தச் சண்டை என்று யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள்.

வரி பாக்கி ஐயா, வரி பாக்கி!

நான் பி.காம். படித்தவன். எங்கள் கண்ணுக்கு வீரம் அப்புறம்தான் தெரியும். பாக்கித் தொகைதான் முதலில் தெரியும். தேசிங்கின் நிஜப் பெயர் தேஜ் சிங். புந்தேல்கண்ட் ராஜபுத்திரன். அவனுடைய அப்பா சரூப் சிங்குக்கு 1700-ஆம் வருஷம் செஞ்சிக் கோட்டைப் பொறுப்பைக் கொடுத்தவர் ஔரங்கசீப். கொடுத்தார் என்றால் சும்மாவா? வருஷா வருஷம் கட்ட வேண்டியதைக் கட்ட வேண்டும். சரூப் சிங் சரியாகக் கட்டவில்லை. பாக்கி ஏறிக்கொண்டே போனது. அப்பா போய்ச் சேர்ந்ததும் புந்தேல்கண்டிலிருந்து மகன் வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டான். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான், 'தம்பி, உங்கப்பா வைத்துவிட்டுப் போன பாக்கி என்னாச்சு?' என்று ஆள் அனுப்பினார்.

இங்கேதான் கதையில் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. செஞ்சி வரலாற்றை எழுதியவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 'என்னிடம் ஔரங்கசீப் கொடுத்த பர்மான் இருக்கிறது. நீ யார் கேட்க?' என்பதுதான் தேசிங்கு பக்கத்து வாதம். ராஜ முத்திரை குத்திய அசல் பர்மான். போலி கிடையாது. ஆனால், ஔரங்கசீப் செத்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. அவருக்குப் பிறகு டெல்லி சிம்மாசனத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து எழுந்து, மூன்றாவதாக ஃபரூக் சியார் உட்கார்ந்திருக்கிறார். பாதுஷா மாறினால் பர்மானைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கால வழக்கம். அரண்மனையில் விவரம் தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வயசுப் பையன். கேட்பானா?

1714 அக்டோபர் 3. சில நூறு பேரை வைத்துக்கொண்டு நவாப்பின் பெரும்படைக்கு எதிரே போய் நின்றான். அன்றைக்கே முடிந்தது. ஒரு வருஷம்கூட முழுசாக ஆளவில்லை.

இன்றைய பாஷையில் சொன்னால், தேசிங்கு கையில் இருந்தது பழைய வெர்ஷன். சர்வர் மாறிவிட்டது. அப்டேட் செய்யாமல் உள்ளே நுழையப் பார்த்தான்.

இந்த உவமை சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து தோன்றியதில்லை. 2018 ஜூலையில் அனந்தபுரத்தில், என் மாமா வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில், ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தபோது தோன்றியது.

அனந்தபுரம் தெரியாதவர்களுக்கு: செஞ்சி வட்டாரத்தில் ஒரு பேரூராட்சி. பக்கத்தில் பனமலை. அங்கே ராஜசிம்மப் பல்லவன் கட்டிய கோயில் ஒன்று குன்றின்மேல் இருக்கிறது. ஓவியம் பார்க்க எப்போதாவது வெளியூர்க்காரர்கள் வருவார்கள். மற்றபடி நெல், மணிலா, கரும்பு. வருமான வரி என்று ஒன்று இருப்பதே அங்கே ரொம்பப் பேருக்கு அவசியப்படாத விஷயம். அவசியப்படுகிறவர்கள் வாத்தியார்கள். என் மாமா ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். அப்போது அவருக்கு எழுபத்தொன்று.

பிரச்னை என்னவென்றால், அந்த வருஷம் பென்ஷனில் கொஞ்சம், பேங்க் டெபாசிட் வட்டியில் கொஞ்சம் என்று அவரிடம் வரி பிடித்துவிட்டார்கள். கழிக்க வேண்டியதையெல்லாம் கழித்துக் கணக்குப் போட்டால் 11 ஆயிரத்துச் சொச்சம் அவருக்குத் திரும்பி வர வேண்டும். அத்தைக்குக் கண் புரை ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது. அந்தப் பணத்தை அதற்கென்று மனசில் ஒதுக்கி வைத்திருந்தார். 'நீதான் பி.காம். ஆச்சே மாப்ளே' என்று எனக்கு போன். பி.காம். படித்து இருபது வருஷம் கழித்து, எனக்கு டெபிட் எது கிரெடிட் எது என்பதே சந்தேகம். உறவுக்காரர்களுக்கு அதெல்லாம் தெரியாது.

'பேப்பர்ல பூர்த்தி பண்ணி விழுப்புரம் ஆபீஸ்ல குடுத்துட்டா என்ன மாமா?' என்று கேட்டேன்.

அப்போதுதான் விதியைப் படித்துப் பார்த்தேன். வரலாற்றில் எத்தனையோ வரிச் சட்டங்கள் பார்த்திருக்கிறோம். இது தனி ரகம். அந்த வருஷம் வரை 5 லட்சத்துக்குள் வருமானம் உள்ளவர்கள் காகிதத்தில் ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். ஆனால், ரீஃபண்ட் கேட்கக் கூடாது. கேட்டால் ஆன்லைன்தான். எண்பது வயசு தாண்டியவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதாவது, உங்களிடமிருந்து அரசாங்கத்துக்கு ஒன்றும் போக வேண்டியதில்லை, வர வேண்டியதும் இல்லை என்றால் பேப்பர், பேனா போதும். அரசாங்கம் உங்களுக்குத் தர வேண்டியிருந்தால் கம்ப்யூட்டர், இன்டர்நெட், கரண்ட், எல்லாவற்றையும் நீங்கள் தயார் பண்ணிக்கொண்டு வர வேண்டும்!

இந்த இடத்துக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மாமா வீட்டுக் கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்கு எப்படியும் நேரமாகும்.

இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன். தொப்பித் தயாரிப்பாளராக இருந்தவர். 'தி எகானமிஸ்ட்' பத்திரிகையை ஆரம்பித்தவர் இவர்தான். 1857 கலகத்தை அடக்கிய செலவில் கஜானா காலி. 'போய்ச் சரி பண்ணு' என்று லண்டனிலிருந்து அனுப்பினார்கள். 1860 பிப்ரவரி 18 அன்று கல்கத்தாவில் பட்ஜெட் படித்தார். வருஷத்துக்கு 200 ரூபாய்க்குமேல் சம்பாதித்தால் 2 சதவிகிதம், 500 ரூபாயைத் தாண்டினால் 4 சதவிகிதம் என்று ஏற்பாடு. சட்டம் அமலுக்கு வந்தது ஜூலை 24. இன்றைக்கும் வருமான வரித்துறை அந்தத் தேதியைத்தான் வருமான வரி தினமாகக் கொண்டாடுகிறது. (தினம் கொண்டாடுவதற்கு இதைவிட நல்ல விஷயங்கள் கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள்.)

அந்த வரிக்கு எதிர்ப்பு எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? நம்ம ஊரிலிருந்து. கிளப்பியவர் ஏதோ புரட்சிக்காரர் இல்லை, சென்னை மாகாண கவர்னரே! சர் சார்லஸ் ட்ரெவெல்யன். மெக்காலேயின் தங்கையைக் கட்டியவர். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணத்தில் கையை இறுக்கினார் என்று இன்றைக்கும் ஐரிஷ்காரர்கள் திட்டுகிற அதே ட்ரெவெல்யன். மனுஷனுக்கு மெட்ராஸ் வந்ததும் என்ன ஆயிற்றோ, இங்கே அவர் வேறு ஆள். இப்போது ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் எல்லாம் இருக்கிற பகுதியில் அன்றைக்கு மக்கள் பூங்கா அமைத்தவர் இவர். 'கலகம் நடந்தது வடக்கே. மெட்ராஸ்காரன் சும்மா இருந்தான். அவன் தலையில் ஏன் புது வரி? ராணுவச் செலவைக் குறையுங்கள், போதும்' என்பது அவருடைய கட்சி.

கட்சி சரிதான். வழியில் தப்பு பண்ணிவிட்டார். மேலிடத்துக்கு எழுதிய ரகசியக் குறிப்பைத் தூக்கிப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். ஒரு கவர்னர், சொந்த அரசாங்கத்தின் வரிக்கு எதிராகப் பேப்பரில்! லண்டன் கொதித்தது. சில வாரங்களில் பதவியைப் பறித்துத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வில்சனும் ஜெயித்ததைப் பார்க்க இருக்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் சீதபேதி வந்து இறந்துபோனார். வேடிக்கை அதற்கப்புறம்தான். வில்சன் உட்கார்ந்திருந்த அதே நிதி உறுப்பினர் நாற்காலிக்கு 1863-இல் வந்து சேர்ந்தார் ட்ரெவெல்யன். 1865-இல் அந்த வரி காலாவதியானது.

காலாவதி ஆனதோடு போய்விடுமா? போய்ப் போய் வந்தது. 1886-இல் நிரந்தரமாகக் குடியேறியது. அப்புறம் 1922 சட்டம். அப்புறம் 1961 சட்டம். சட்டங்கள் மாறினாலும் நம் தாத்தாக்கள் காலம் முழுக்கக் காரியம் நடந்த விதம் மட்டும் மாறவில்லை. படிவம், பேனா, ஆபீஸ், குமாஸ்தா, ரப்பர் ஸ்டாம்ப். சோழர் காலத்தில் 'வரிப்பொத்தகம்' என்றே ஒரு உத்தியோகம் இருந்தது. வரிக் கணக்குப் புத்தகத்தைப் பராமரிக்கிறவர். அந்த ஆள் நேராக எழுந்து வந்து 1970-களின் வருமான வரி ஆபீஸில் உட்கார்ந்திருந்தால் பெரிசாகத் திகைத்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம். ஓலைக்குப் பதில் காகிதம். அவ்வளவுதான்.

நிஜமான மாற்றம் 1981-இல் ஆரம்பித்தது. வருமான வரித்துறையில் கம்ப்யூட்டருக்கென்று தனி இயக்குநரகம் வந்தது. 1984-85-இல் பெருநகரங்களில் மூன்று கம்ப்யூட்டர் மையங்கள். அவற்றின் வேலை என்ன தெரியுமா? பேங்கில் கட்டிய சலான்களைப் பதிவு பண்ணுவது. அவ்வளவே. 1994-95-இல் டெல்லி, மும்பையோடு சென்னைக்கும் வட்டாரக் கம்ப்யூட்டர் மையம் கிடைத்தது. பத்து எழுத்து, எண் கலந்த இன்றைய பான் எண் அந்தச் சமயத்தில் வந்ததுதான். 2003-இல் கம்பெனிகள் பிடித்தம் செய்யும் வரிக் கணக்கை ஃப்ளாப்பியில் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னார்கள். ஆடிட்டர் ஆபீஸ் பையன்கள் சட்டைப் பையில் ஃப்ளாப்பியோடு அலைந்ததை நானே பார்த்திருக்கிறேன். வெயிலில் அது கெட்டுப்போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து.

இந்த விஷயத்தில் அமெரிக்காவும் ஒரேயடியாகப் பறந்துவிடவில்லை. 1986-இல் மூன்று ஊர்களில், ஐந்தே ஐந்து வரி ஆலோசகர்களை வைத்து வெள்ளோட்டம் பார்த்தார்கள். டெலிபோன் லைன் வழியாக வந்து சேர்ந்த ரிட்டர்ன் 25 ஆயிரம். நம் ஊரில் சம்பளக்காரர்களுக்கு இடைத்தரகர்கள் மூலமாக மின்னணு ரிட்டர்ன் என்ற திட்டம் 2004-இல் வந்தது. 2006-இல் கம்பெனிகளுக்குக் கட்டாயம் ஆக்கினார்கள். 2007-08 நிதியாண்டில் ஆன்லைன் ரிட்டர்ன் 21 லட்சத்தைத் தாண்டியது.

ஆன்லைன் என்று பேர்தானே தவிர, அந்த ஆன்லைன் முடிகிற இடம் தபால் பெட்டி! நம்ப மாட்டீர்கள். ஆனால், நிஜம். இணையத்தில் ரிட்டர்னை ஏற்றியதும் ஒரு பக்கத்துக்கு ஒப்புகைத் தாள் வரும். அதைப் பிரின்ட் எடுக்க வேண்டும். நீல மையில் கையெழுத்துப் போட வேண்டும். பார்கோடு அழியக் கூடாது. பிறகு பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு, தபால் பை எண் 1 என்று முகவரி எழுதி அனுப்ப வேண்டும். 2009-இல் அங்கே மத்தியச் செயலாக்க மையம் வந்திருந்தது. சாதாரணத் தபால் அல்லது ஸ்பீட் போஸ்ட் மட்டும். கூரியர் கூடாது. 120 நாளில் போய்ச் சேராவிட்டால், நீங்கள் ரிட்டர்னே போடவில்லை என்று அர்த்தம்.

மாமா அதற்கும் பழகியிருந்தார். 2012-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு வெளியே கரண்ட் இருந்த நேரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்து உட்கார்ந்து எக்செல் ஃபைலைப் பூர்த்தி செய்வார். பாதியில் போய்விடும். மறுநாள் ராத்திரி மீதி. முடிந்ததும் செஞ்சிக்கு பஸ் ஏறி பிரின்ட் எடுத்து, மடங்காமல் அட்டை வைத்துக் கட்டி, அனந்தபுரம் போஸ்ட் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுப்பார். வரி கட்டுகிறவனை நேர்மையானவன் என்று சொல்கிறோம். அவ்வளவு பாடுபட்டு நேர்மையாக இருந்தவரை என்னவென்று சொல்வது?

2015-இல் ஆதார் எண்ணோடு சேர்த்த செல்போனுக்கு ரகசிய எண் வந்தால் போதும், தபால் வேண்டாம் என்று ஆயிற்று. அந்த ஒரு காரியத்துக்காக அதிகாரிகளுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால், ஒரு கதவு திறக்கும்போது இன்னொன்று சாத்திக்கொண்டது.

மாமாவின் கம்ப்யூட்டர் 2004-இல் வாங்கியது. மகன் இன்ஜினீயரிங் சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்தார். மகன் படித்து, வேலை கிடைத்து, சிங்கப்பூர் போய்விட்டான். கம்ப்யூட்டர் அனந்தபுரத்திலேயே தங்கிவிட்டது. உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு, 'இனிமேல் இதற்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று மைக்ரோசாஃப்ட் கை கழுவிவிட்டது. அதே வருஷம் வந்த ஜாவா எட்டாம் பதிப்பு, எக்ஸ்பிக்கு ஆதரவு கிடையாது என்று அறிவித்தது. வரித்துறை மென்பொருளில் ஒன்றுக்கு ஜாவா வேண்டும். 2016 ஏப்ரலில் குரோம் பிரவுசரும் எக்ஸ்பியைக் கைவிட்டது. யாரும் மாமா வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக நின்றுபோனது, அவ்வளவுதான். ஊருக்கு வந்துகொண்டிருந்த பஸ் ஒரு நாள் வராமல் போகிற மாதிரி.

'புதுசு வாங்கலாமே மாமா?'

'11 ஆயிரம் வாங்கறதுக்கு 30 ஆயிரம் செலவு பண்ணச் சொல்றியா? கணக்குப் படிச்சவன்தானே நீ?'

'செஞ்சில பிரவுசிங் சென்டர்...'

'பாஸ்வேர்டை ஊரான்கிட்ட சொல்லச் சொல்றியா?'

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. உட்கார்ந்தேன். அந்த வருஷத்திலிருந்து தாமதமாக ரிட்டர்ன் போட்டால் அபராதம் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. 5 லட்சத்துக்குள் வருமானம் என்றால் ஆயிரம் ரூபாய். கெடு ஜூலை 31. கடைசி வாரத்தில்தான் அதை ஒரு மாசம் தள்ளிவைத்தார்கள். நான் போனபோது அந்த அறிவிப்பு வந்திருக்கவில்லை.

வரித்துறைத் தளத்தின் முகவரியை அடித்தேன். 'இந்த இணைப்பு பாதுகாப்பானதில்லை' என்று ஒரு எச்சரிக்கை. மறுபடி அடித்தேன். மறுபடி அதே. பேங்க் தளம்? அதே. கூகுள்? அதே. காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மதியம் சாப்பாடு வரை இதே கதை. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. மாமா ஒன்றும் சொல்லாமல் பின்னால் ஈஸி சேரில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் ஒரு ஹெட்மாஸ்டர் பின்னால் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் செஞ்சியில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பையனைக் கூட்டிவந்தோம். டிப்ளமோ கம்ப்யூட்டர். பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன் தளத்தையெல்லாம் பார்க்கவே இல்லை. திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தான். சிரித்தான்.

'சார், மிஷின் 2002 ஜனவரி ஒண்ணுல இருக்கு. நீங்க தேடற வெப்சைட் இன்னும் பொறக்கவே இல்ல.'

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் உள்ளே, தாய்ப் பலகையில், எட்டணா சைஸில் ஒரு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்திலும் தேதியையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. பதினாலு வருஷத்தில் அது செத்துப் போயிருந்தது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் அந்த மிஷினுக்கு எல்லாம் மறந்துபோய், 2002 ஜனவரி 1-இல் கண் விழிக்கும். இதற்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் பிரவுசர் அந்தத் தேதியை உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கடிகாரம் 2002 என்று சொன்னால், 2018-இல் கொடுத்த சான்றிதழ் 'இன்னும் அமலுக்கு வராதது' ஆகிவிடும். உள்ளே விடாது.

அப்போதுதான் எனக்கு தேசிங்கு ஞாபகம் வந்தது. ஔரங்கசீப் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்தக் கோட்டை, இங்கிருந்து கூப்பிடு தூரம்.

பையன் பேட்டரியை மாற்றினான். ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது. தேதி சரியானதும் கூகுள் வந்தது. ஆனால், அந்தப் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் வரித்துறைத் தளம் திறக்கவில்லை. இணையத்தில் ரகசியம் பேசுகிற பாஷையே அதற்குள் மாறிவிட்டிருந்தது. எக்ஸ்பியோடு வந்த பிரவுசருக்குப் புது பாஷை தெரியாது. பையனே பென் டிரைவில் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸைப் போட்டுவிட்டான். எக்ஸ்பிக்கு வந்த கடைசிப் பதிப்புகளில் ஒன்று. திறந்தது. நல்லவேளை, மாமா போன்றவர்களுக்கான சஹஜ் படிவத்தை ஜாவா கீவா இல்லாமல் தளத்திலேயே நேரடியாகப் பூர்த்தி செய்யலாம். ராத்திரி எட்டே முக்காலுக்கு மாமாவின் பட்டன் போனில் ரகசிய எண் வந்தது. அதை அவரே டைப் அடித்தார், ஒரு விரலால். அத்தை உள்ளேயிருந்து, 'முடிஞ்சுதா?' என்று இரண்டாவது தடவையாகக் கேட்டாள்.

இதில் மாமாவைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அதே 2018-இல் ஏப்ரல் 17, அமெரிக்காவில் வரி கட்டக் கடைசி நாள். அன்றைக்கு அமெரிக்க வருமான வரித்துறையின் கம்ப்யூட்டர்களே படுத்துவிட்டன. மக்களுக்கு ஒரு நாள் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். தனிநபர் வரிக் கணக்கைப் பராமரிக்கும் அவர்களுடைய மூலக் கோப்பு 1960-களில் எழுதப்பட்ட அமைப்பு. கோபால் போன்ற பழங்கால பாஷைகளில் எழுதியது. (ராஜகோபால், வேணுகோபால் இல்லை. கம்ப்யூட்டர் பாஷைக்கே அப்படி ஒரு பெயர்!) வரி வாங்குகிறவனிடம் பழைய மிஷின் இருந்தால் அவகாசம். வரி கட்டுகிறவனிடம் பழைய மிஷின் இருந்தால் அபராதம்.

அடுத்த வருஷம் அந்தக் காகித ஜன்னலையும் மூடிவிட்டார்கள். எண்பது வயசு தாண்டியவர்கள் தவிர எல்லாரும் ஆன்லைன்தான். 2021 ஜூன் 7 அன்று புதுத் தளம் வந்தது. 4,242 கோடி ரூபாய்த் திட்டம். ரிட்டர்னைப் பரிசீலிக்க 63 நாள் ஆவதை ஒரே நாளாக்குவோம் என்றார்கள். திறந்த அன்றே தகராறு. லாக்-இன் ஆகவில்லை, ரகசிய எண் வரவில்லை, கெடு இருக்கும்போதே தாமதக் கட்டணம் கேட்டது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், தளத்தை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமை அதிகாரியை அந்த ஆகஸ்டில் அழைத்து விளக்கம் கேட்டார். கெடுவை டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். இப்போது தளம் எவ்வளவோ தேவலை. ரீஃபண்ட் சில நாளிலேயே வந்துவிட்டதாகச் சொல்கிறவர்கள் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். இருந்தாலும் 2025 செப்டம்பர் 15, கடைசி நாள், ராத்திரி நெருங்க நெருங்கத் தளம் திணறுகிறது என்று நாடு முழுக்கக் கூக்குரல். நள்ளிரவை ஒட்டி, இன்னும் ஒரே ஒரு நாள் என்று அறிவித்தார்கள். அதற்குள் 7 கோடிக்கும் மேலான ரிட்டர்ன்கள் வந்து சேர்ந்திருந்தன. 2007-இன் 21 லட்சம் எங்கே, இது எங்கே!

அதற்கு ஒரு மாசம் கழித்து, அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் ஆதரவை நிறுத்திக்கொண்டது மைக்ரோசாஃப்ட். உங்கள் வீட்டில் இருப்பது எந்த வெர்ஷன் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 1961-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் நிறைவேறிய புது வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1-ஆம் தேதியை அமல் தேதியாக வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று நம்மையெல்லாம் அறுபது வருஷமாகக் குழப்பிய ரெட்டை வருஷக் கணக்கு அதில் கிடையாது. ஒரே 'வரி ஆண்டு'. பாதுஷா மாறியிருக்கிறார்.

மாமா விஷயத்தை விட்டுவிட்டேனே. அத்தையின் ஆபரேஷனுக்கு அந்தப் பணம் வந்து சேரவில்லை. கைமாற்று வாங்கித்தான் செய்தார்கள். கண் நன்றாக இருக்கிறது, ஊசியில் நூல் கோக்கிறாள். செப்டம்பர் மாசம் ஒரு நாள் மாமாவிடமிருந்து போன். பணம் பேங்கில் விழுந்துவிட்டது.

'மாப்ளே, முந்நூறு ரூபாய்ச் சொச்சம் அதிகமாப் போட்டிருக்கான். தப்பாப் போட்டுட்டானா? திருப்பிக் கட்டணுமா?'

'இல்ல மாமா. உங்க பணத்தை இத்தனை மாசம் வெச்சிருந்ததுக்கு வட்டி. மாசம் அரை சதவிகிதம்.'

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

'அந்த வட்டிக்கு வரி உண்டா?'

'உண்டு மாமா. அடுத்த வருஷ ரிட்டர்ன்ல காட்டணும்.'

மறுபடி சத்தமில்லை. அப்புறம் கேட்டார்.

'அந்தப் பையன் போட்டுட்டுப் போன பேட்டரி எத்தனை நாளைக்கு வரும்?'